டெக்சாஸில் வீட்டு இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் பயிற்சி: மூன்று வகுப்புக்குப் பணம் கட்டிய அனுபவம்

டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் ஆலங்கட்டி மழை ஓய்ந்ததும் நம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். கூரைக்கு கிளெய்ம் போடலாமா என்பது ஒன்று. சேதத்தைப் பார்த்து இன்சூரன்ஸ் பணம் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடும் இந்த அட்ஜஸ்டர் வேலைக்கு நாமே படித்துவிடலாமா, எந்த கோர்ஸ் நன்றாக இருக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு ஏழெட்டுப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிவிட்டேன். இனிமேல் கேட்பவர்களுக்கு அனுப்ப வசதியாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் மூன்று வகுப்புகளுக்குப் பணம் கட்டினேன். லைசென்ஸுக்கான 40 மணி நேர ஆன்லைன் கோர்ஸ், எஸ்டிமேட் போடும் சாஃப்ட்வேருக்கு மூன்று நாள் வகுப்பு, அப்புறம் ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஐந்து நாள் நேரடி வகுப்பு. மூன்றும் சேர்த்து இரண்டாயிரம் டாலரைத் தாண்டியது. ஏணியும் பூட்ஸும் தனி. குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் பள்ளிகளின் பெயரை எழுதவில்லை. சேரும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், எந்தப் பள்ளியையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

நான் இதற்குள் வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் சிவில் படித்து, நான்கு வருடம் சைட்டில் நின்றவள். கல்யாணமாகி டல்லாஸ் பக்கம் பிளேனோ வந்த பிறகு பல வருடம் வீட்டோடுதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைபனி வந்து கரண்ட் போனதே, அப்போது எங்கள் வீட்டுப் பரணில் போகும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. மாடி அறையின் சீலிங் ஊறி, காலையில் மொத்தமாகக் கட்டில் மேல் விழுந்து கிடந்தது. பத்து நாள் கழித்து அட்ஜஸ்டர் வந்தார், அறுபதை நெருங்கிய ஒரு அம்மா. தரையில் உட்கார்ந்து, இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியைச் சுவரில் குத்துவார், எண்ணைப் பார்ப்பார், ஒரு சாண் தள்ளி மறுபடியும் குத்துவார். ஈரம் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அறை முழுக்கச் சுற்றி வந்து அந்தப் புள்ளிகளைக் கோடாக இணைத்தபோது, கண்ணுக்குக் காய்ந்து தெரிந்த சுவரில் இரண்டடி உயரம் வரை ஈரம் ஏறியிருப்பது தெரிந்தது. "இதை விட்டு பெயின்ட் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், இந்தக் கோடு வரை வெட்டி எடுக்க வேண்டும்" என்று சொல்லி அதையும் கணக்கில் சேர்த்தார். நாங்களாகக் கேட்டிருந்தால் சீலிங்குக்கு மட்டும்தான் கேட்டிருப்போம். அந்தக் கோடு என் மனசை விட்டுப் போகவே இல்லை. எனக்கு இந்த வேலையைச் செய்ய வேண்டும் போலிருந்தது.

சரி, வகுப்புகளுக்கு வருகிறேன்.

டெக்சாஸில் அட்ஜஸ்டர் லைசென்ஸ் கொடுப்பது மாநில இன்சூரன்ஸ் துறை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அரசுத் தேர்வு எழுதலாம், அல்லது துறை அங்கீகரித்த 40 மணி நேர கோர்ஸ் முடித்து அதன் கடைசித் தேர்வில் தேறினால் அரசுத் தேர்வு தேவையில்லை. பெரும்பாலோர் இரண்டாவது வழியில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான். பிறகு கைரேகை கொடுத்து, 50 டாலர் கட்டி விண்ணப்பித்தால் லைசென்ஸ் வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 24 மணி நேரத் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். டெக்சாஸ் லைசென்ஸ் கையில் இருந்தால் வேறு பல மாநிலங்களில் தனித் தேர்வு எழுதாமலே வெளிமாநில லைசென்ஸ் வாங்கலாம். புயல் எங்கே அடிக்கிறதோ அங்கே போகிற வேலை என்பதால் இது பெரிய வசதி.

ஆனால் அந்த 40 மணி நேரத்தில் வீட்டுக்கு என்று இருப்பது ஒரு பங்குதான். எல்லா வகைக்குமான லைசென்ஸ் என்பதால் கார், வேலையில் அடிபட்ட தொழிலாளி, நம்மால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான பொறுப்புச் சட்டம் எல்லாம் வரும். திரையில் பக்கம் பக்கமாக எழுத்து, ஒரு பக்கத்தில் இவ்வளவு நிமிடம் இருந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு அதைப் படிப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். கிளெய்ம் வந்து 15 நாளுக்குள் கம்பெனி பதில் அனுப்ப வேண்டும், கேட்ட எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகு 15 வேலை நாளுக்குள் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று சொல்ல வேண்டும், ஏற்றால் 5 வேலை நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற டெக்சாஸ் சட்டத்தை அங்கேதான் படித்தேன். இது அட்ஜஸ்டரை விட வீட்டுக்காரர்களுக்கு அவசியம் தெரிய வேண்டிய விஷயம். லைசென்ஸ் கோர்ஸைப் பொறுத்தவரை விலை குறைந்ததாகப் பார்த்து எடுங்கள். அதிகம் கொடுத்து எடுத்தாலும் கூரை மேல் ஏறி நிற்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது வகுப்பு எக்ஸாக்டிமேட். வீட்டுச் சேதக் கணக்குப் போட இங்கே பெரும்பாலான கம்பெனிகள் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் இதுதான். ஊருக்கு ஊர் தனி விலைப்பட்டியல் இருக்கும், மாதாமாதம் மாறும். டல்லாஸில் ட்ரைவால் (உள்சுவருக்கும் சீலிங்குக்கும் அடிக்கும் ஜிப்சம் பலகை) ஒரு சதுர அடி மாற்ற ஆகும் விலையும் ஹூஸ்டன் விலையும் ஒன்றாக இருக்காது. வீட்டை அறை அறையாக வரைந்து, கூரையைச் சரிவோடு வரைந்து, ஒவ்வொரு வேலையையும் வரி வரியாகச் சேர்க்க வேண்டும்: பழைய ஷிங்கிளை (கூரையில் ஓடு மாதிரி அடுக்கும், மணல் ஒட்டிய தார்த் தகடு) பிய்த்து எறிவது ஒரு வரி, புதியது போடுவது ஒரு வரி, அடியில் விரிக்கும் ஃபெல்ட், ஓரத்துத் தகரம், முகட்டு ஷிங்கிள், குழாய் வெளியே வரும் இடத்து வளையம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒன்றை விட்டால் அந்தப் பணம் வீட்டுக்காரருக்குப் போகாது. இதனால்தான் இந்த வகுப்பை நான் அவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன்.

எனக்கு வரைபடம் பழக்கம் என்பதால் சீக்கிரம் பிடிபட்டது. கூரையை இங்கே ஸ்கொயர் கணக்கில் பேசுவார்கள், ஒரு ஸ்கொயர் என்றால் 100 சதுர அடி. சாய்வை 12 அங்குலத்துக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று சொல்வார்கள். தரையில் 2,000 சதுர அடி மூடும் கூரை 6-க்கு-12 சாய்வில் இருந்தால் 1.118-ஆல் பெருக்க வேண்டும், 2,236 சதுர அடி, அதாவது 22 ஸ்கொயருக்கு மேல். அதற்கு மேல் வெட்டுச் சேதாரம். 7-க்கு-12 சாய்விலிருந்தே செங்குத்துக் கூரை என்று கூடுதல் கூலி சேர்க்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரருக்குக் கூரை மேல் நடப்பது வீட்டு ஹாலில் நடப்பது மாதிரி, ஆனால் மவுஸைப் பிடித்துச் சரிவு வரைய அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. மூன்று நாள் அவருக்குப் போதவில்லை. உங்களுக்கு வரைபடம் புதிது என்றால் மூன்று நாள் வகுப்பு முடிந்ததும் சொந்த வீட்டையும் நண்பர்கள் வீடுகளையும் அளந்து வரைந்து பழகுங்கள். நான் பன்னிரண்டு வீடு வரைந்தேன். வாரக் கடைசியில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் கையில் லேசர் அளவுகோல் இருக்கும். நண்பர்கள் முகம் சுளிக்காமல் விட்டார்கள், அவர்களுக்கு நன்றி.

இனி ஐந்து நாள் நேரடி வகுப்பு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, நல்லதும் குறையும்.

போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, ரெண்டு புள்ள பெத்தவ, கூரை மேல ஏறப் போறேங்கிற?" என்று பயந்தார். அம்மா இருப்பது பட்டுக்கோட்டை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு போனபோது, அந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்பதே எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அதைச் சொல்லித்தான் அம்மாவைச் சமாதானம் செய்தேன்: வீடு போனவர்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலைம்மா இது என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பாத்து ஏறு" என்றார்.

பள்ளியின் பெரிய கூடத்துக்குள்ளேயே இரண்டு கூரைகளைத் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். முதல் நாள் மதியம் வரை ஏணிதான். நான்கடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளி ஏணியின் கால் நிற்க வேண்டும், மேல் முனை கூரை விளிம்பைத் தாண்டி மூன்றடி நீட்ட வேண்டும், இரண்டு கையும் இரண்டு காலுமாக நான்கில் மூன்று எப்போதும் ஏணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஏறுவதை விட இறங்குவதற்குத்தான் நேரம் எடுத்துச் சொல்லிக்கொடுத்தார் எங்கள் ஆசிரியர், அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. முப்பது வருடம் புயல் புயலாகப் போய் வந்த மனிதர். "இறங்கும்போது கடைசிப் படியை எண்ணாமல் விட்டவர்களைத்தான் நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்" என்றார்.

இரண்டாம் நாள் உண்மையான வீட்டுக் கூரைக்கு அழைத்துப் போனார்கள். இந்தப் பயிற்சியின் உயிர் அந்த ஒரு நாள்தான். கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சாக்பீஸால் ஒரு கட்டம் போட வேண்டும். அதற்குள் ஆலங்கட்டி அடித்த இடங்களைத் தேடி வட்டமிட வேண்டும். நான் பத்து நிமிடத்தில் பதினாறு வட்டம் போட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். ஆசிரியர் குனிந்து என் விரலைப் பிடித்து ஒரு வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தச் சொன்னார். கெட்டியாக இருந்தது. பக்கத்து வட்டத்தில் வைத்தார். ஆப்பிளில் அடிபட்ட இடம் மாதிரி உள்ளே லேசாக அமுங்கியது. "இது ஆலங்கட்டி. முதலாவது கொப்புளம், வெயிலில் ஷிங்கிள் தானாக வெடித்தது, அதன் ஓரம் செங்குத்தாக இருக்கிறது பார்" என்றார். என் பதினாறு வட்டத்தில் ஐந்துதான் தேறியது. மீதியில் கொப்புளமும், யாரோ மிதித்துத் தேய்த்த இடமும், வெறும் வயதும் இருந்தன. இதை எந்த வீடியோவிலும் கற்றுக்கொள்ள முடியாது. விரலுக்குத்தான் தெரியும்.

பிறகு தகரங்களைப் பார்க்கச் சொன்னார். காற்றுப்போக்கிக் குழாயின் தொப்பி, ஏசி பெட்டியின் மெல்லிய தகடுகள், கூரை ஓரத்து மழைநீர்த் தகரம். சாக்பீஸைப் படுக்க வைத்துத் தகரத்தின் மேல் இழுத்தால் பள்ளங்கள் மட்டும் வெள்ளை ஒட்டாமல் பொட்டுப் பொட்டாகத் தெரியும். எந்தத் திசையிலிருந்து அடித்தது, எவ்வளவு பெரிய கட்டி என்று அந்தப் பொட்டுகளே சொல்லிவிடும். வேலிப் பலகையிலும் மின்பெட்டியிலும் பழைய அழுக்கு தெறித்துப்போன புள்ளிகள் இருக்கும், அவை இருந்தால் அடித்தது சமீபத்தில்தான். ஷிங்கிளில் அடி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தகரத்தில் ஒன்றுமே இல்லை என்றால் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். கூரை போடுகிறேன் என்று வாசலில் வந்து நிற்கும் ஆட்களில் சிலர் காசை வைத்துத் தேய்த்து அடையாளம் உண்டாக்குவதும் உண்டாம், அதற்கும் ஒரு மாதிரி செய்து காட்டினார்.

இனி குறைகள். ஒரு கூரைக்கு நாங்கள் இருபத்திரண்டு பேர். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்தான் மேலே கிடைத்தது, மற்ற நேரம் கீழே வெயிலில் நின்றோம். ஜூலை மாதம் வைத்தது பெரிய தப்பு. பத்தரை மணிக்கே ஷிங்கிள் இளகி, கால் வைத்த இடமெல்லாம் மணல் உதிர்ந்தது. பார்க்கப் போன கூரையை நாங்களே கெடுக்கக் கூடாது என்று இறக்கிவிட்டார்கள். சேரும் முன் ஒரு கூரைக்கு எத்தனை பேர், உண்மையான வீட்டுக் கூரை எத்தனை என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

இன்னொன்று, முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம் வருமானப் பேச்சு. ஒரு புயலில் இவ்வளவு சம்பாதித்தார், அந்தப் பணத்தில் இது வாங்கினார் என்று படம் போட்டுக் காட்டினார்கள். வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு இளைஞன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மை நிலவரம் இதுதான்: சுதந்திர அட்ஜஸ்டராக இருந்தால் ஒரு கிளெய்முக்கு இவ்வளவு என்று, சேதத் தொகையைப் பொறுத்துப் பட்டியல்படி கொடுப்பார்கள். மாதச் சம்பளம் கிடையாது, பெட்ரோலும் தங்கும் செலவும் நம் கையிலிருந்து. பெரிய புயல் வராத வருடத்தில் புது ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அட்ஜஸ்டராகச் சேர்வது இன்னொரு வழி. குடும்பம் இருப்பவர்களுக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து, நானும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். இந்த விவரத்தைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிய ஆதங்கம். பாலிசியைப் படிக்க ஐந்து நாளில் அரை நாள்தான் ஒதுக்கினார்கள். கூரையில் அடி இருக்கிறதா என்பது பாதிக் கணக்கு, பாலிசி என்ன கொடுக்கிறது என்பது மீதி. இங்கே சொந்த வீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் எச்ஓ-3 பாலிசியில் வீடு, தனியாக நிற்கும் கட்டடங்கள், சாமான்கள், வீட்டில் இருக்க முடியாமல் வெளியே தங்கும் செலவு என்று சொத்துக்கு நான்கு பகுதி இருக்கிறது. வீட்டுக்கு, விலக்கு என்று எழுதியது தவிர எல்லாம் உண்டு. சாமான்களுக்கு, பட்டியலில் உள்ள 16 காரணங்களுக்கு மட்டும்தான். திடீரென்று குழாய் வெடித்தால் உண்டு, மாதக்கணக்கில் கசிந்தால் பொதுவாகக் கிடையாது. வெளியிலிருந்து வெள்ளம் ஏறி வந்தால் கிடையாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையில் ஹூஸ்டன் முழுகியபோது இந்தக் கடைசி வரியால் எத்தனை குடும்பங்கள் கையைப் பிசைந்து நின்றன! வெள்ளத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமானுக்கு 1,00,000. எடுத்த பிறகு வழக்கமாக 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் புயல் வருகிறது என்று டிவியில் பார்த்துவிட்டு எடுத்தால் உதவாது.

டிடக்டிபிளையும் (சேதச் செலவில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) தேய்மானத்தையும் பற்றி வகுப்பில் ஒரு ஸ்லைடுதான். ஃப்ரிஸ்கோவில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் இதை உட்கார்ந்து விளக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வீட்டை 4,00,000 டாலருக்கு இன்சூர் செய்திருந்தார்கள், காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் 2 சதவீதம். கூரைச் செலவில் 2 சதவீதம் என்று அவர் நினைத்திருந்தார். கிடையாது, வீட்டின் இன்சூரன்ஸ் தொகையில் 2 சதவீதம், 8,000 டாலர். புதுக் கூரைக்கு எஸ்டிமேட் 18,000. இருபத்தைந்து வருட ஷிங்கிளுக்குப் பத்து வயது என்பதால் தேய்மானம் 7,200 கழித்து 10,800. அதில் டிடக்டிபிள் 8,000 போக முதல் காசோலை 2,800. அந்தக் காசோலையைப் பார்த்து அக்கா அழுதேவிட்டார். கூரை வேலையை முடித்து ரசீது கொடுத்தால் பிடித்து வைத்த 7,200 வரும் என்று யாருமே அவருக்குச் சொல்லவில்லை. "டிடக்டிபிளை நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதீங்க" என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடவும் இருந்தார். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம் என்று சொல்லித் தடுத்தேன். இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டு, பதறிப்போய் நிற்கும் ஒருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கும் பள்ளியாகப் பாருங்கள்.

தண்ணீர்ச் சேதத்துக்கும் நேரம் போதவில்லை. ஊசிக் கருவியைக் கையில் கொடுத்து ஆளுக்கு ஒரு தடவை குத்தச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதை நான் கற்றது பள்ளியில் இல்லை, வகுப்பு முடிந்து ஆறு வாரம் சம்பளமில்லாமல் ஒரு அனுபவசாலியோடு வீடு வீடாகப் போனபோதுதான். பள்ளியே அப்படி யாரிடமாவது சேர்த்துவிடுமா என்று கேளுங்கள். நான் படித்த பள்ளி செய்து கொடுத்தது, அது அவர்களின் மிகப் பெரிய நல்ல பக்கம்.

விசா பற்றியும் பலர் கேட்கிறார்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் வார இறுதிப் பக்க வேலையாக இதைச் செய்ய முடியாது. அவரது துணைவருக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை இருந்தால் செய்யலாம். பணம் கட்டும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு தெரிந்து தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

மதிப்பெண் போடச் சொன்னால் லைசென்ஸ் கோர்ஸுக்கு ஐந்துக்கு இரண்டரை, எக்ஸாக்டிமேட் வகுப்புக்கு நான்கு, நேரடி வகுப்புக்கு மூன்றரை. கூட்டத்தைக் குறைத்து, பாலிசிக்கு ஒரு நாள் கொடுத்தால் கடைசியதற்கு ஐந்தும் கொடுப்பேன். இங்கே ஆலங்கட்டிக் காலம் மார்ச்சில் தொடங்கிவிடும், அதனால் அக்டோபர் நவம்பரில் நேரடி வகுப்பு, குளிர்காலத்தில் வீடுகளை வரைந்து பழகுவது என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பூட்ஸ் மட்டும் மலிவாக வாங்காதீர்கள். அடிப்பகுதியில் மெத்தென்ற பட்டை மாற்றிப் போடக்கூடியதாகப் பாருங்கள். என்னுடையதில் இது மூன்றாவது பட்டை.